பெரியம்மா வாங்கிய சத்தப் பலகை

பெரியம்மா மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில், தடதடவென்று ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று ஆட்களை வேலை வாங்கிய தொண்டை அது. வேலையிலிருந்து ஓய்வு அவளுக்குத்தான் கிடைத்தது, தொண்டைக்குக் கிடைக்கவில்லை.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, தங்கை மகனைத் தவிர. அவனுக்கு ஒன்றரை வயது. "என் தங்கமே!" என்று பெரியம்மா வாயைத் திறந்தால் போதும், உதடு பிதுங்கி, முகம் கோணி, ஊரைக் கூட்டிவிடுவான். வரும் திங்கட்கிழமையோ தங்கை பல் மருத்துவமனை வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் பையனைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மாவை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"அவன் உன்கிட்ட இருக்கலைன்னா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்க்கா," என்றாள் தங்கை.

பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. தங்கையைப் படிக்க வைத்தவளே அவள்தான். அந்தப் படிப்பு தன் தொண்டையாலேயே வீணாவதா? இனிமேல் பையன் முன்னால் வாயே திறப்பதில்லை, பேச வேண்டியதைப் பொம்மை பேசட்டும் என்று முடிவுகட்டி, சனிக்கிழமை காலையில் பொம்மைக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் மரத்தில் செய்த சத்தப் பலகைகளை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் மாடு, வாத்து, கழுதை என்று மரத்துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பள்ளம். துண்டை அதன் பள்ளத்தில் வைத்தால் உள்ளே வெளிச்சம் மறையும், உடனே அந்தப் பிராணி கத்தும்.

பெரியம்மா அச்சடித்த தாளைச் சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிராய் இருக்கிறதா என்று ஓரத்தைத் தடவினாள். துண்டின் குமிழ் கையோடு வருகிறதா என்று இழுத்தாள். ஒரு பலகையில் தீயணைப்பு வண்டி ஊளையிட்டது. அதை அப்படியே திருப்பித் தள்ளினாள். இன்னொன்றில் வாத்தை வைத்தால் ஆடு கத்தியது.

"என்னங்க இது?"

"பேட்டரி கம்மியா இருக்கும்மா."

"பேட்டரி கம்மியானா வாத்து ஆடாயிடுமா?"

ஒரு மணி நேரம் ஆயிற்று. "பலகை வாங்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இதுங்க எப்படிக் கத்துதுங்கறதுலதாங்க என் தங்கச்சி வேலையே இருக்கு," என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே சன்னமாகக் கத்தும் ஆறு பிராணிப் பலகையை எடுத்தாள்.

மறுநாள் தங்கை வீட்டுக் கூடத்தில் பலகையை விரித்தாள். பையன் உட்கார்ந்து, ஆறு துண்டுகளையும் பிடுங்கிப் போட்டான். பெரியம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாட்டை எடுத்துக் கொடுக்கலாமே என்று ஆசையாகக் குனிந்தாள். பெரியம்மா கொஞ்சம் பெரிய சரீரம். அவள் நிழல் ஆறு பள்ளங்களையும் ஒரே அடியாக மூடிவிட்டது. மாடு, வாத்து, கழுதை, நாய், சேவல், பூனை எல்லாம் ஒரே நேரத்தில் கத்தித் தொலைத்தன.

பையன் வீறிட்டான். பெரியம்மாவுக்கு வந்ததே கோபம்! பையன் மேல் இல்லை, அந்த ஆறின் மேல். துள்ளி நிமிர்ந்து, அச்சகக் குரலில் ஒரே அதட்டு:

"வாயை மூடுங்கடா!"

அவள் நிமிர்ந்ததும் பள்ளங்களில் வெளிச்சம் விழுந்தது. அவை கத்தி முடிக்கிற நேரமும் அதுதான். கூடம் கப்சிப்பென்று ஆயிற்று. பையனும் அடங்கினான். கண்ணீர் கன்னத்தில் நிற்க அவளை அண்ணாந்து பார்த்தான். பிறகு குனிந்து, உள்ளங்கையால் கழுதைப் பள்ளத்தை மூடினான். கழுதை கத்தியது. பையன் பெரியம்மாவின் வாயையே பார்த்துக் காத்திருந்தான்.

"ஏய், வாயை மூடு!"

பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மறுபடியும் மூடினான். அன்று இருட்டும்வரை அந்தக் கழுதைக்கு நிம்மதியில்லை, தெருவுக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலை தங்கை கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா போயிட்டு வரேன் கண்ணு."

பையன் திரும்பவில்லை. பெரியம்மா மடியில் உட்கார்ந்து பலகையில் மும்முரமாக இருந்தான். தங்கை இன்னொரு முறை சொன்னாள். சேவல்தான் பதில் சொன்னது.

"என்னக்கா இவன், ஒப்புக்குக்கூட அழ மாட்டேங்கிறானே," என்றாள் தங்கை. சொல்லி முடிப்பதற்குள் அவளே அழுதுவிட்டாள்.