கீழே கீழே போன குண்டுகள்

கன்னியாகுமரி பக்கம் கொட்டாரம் ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. ஊக்கு, ஜிப், பித்தான், லைனிங் துணி என்று தையல்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கிறேன். நாற்பது தாண்டிய வயதில் துப்பாக்கி சுடப் போவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எல்லாம் என் கணவரின் தங்கையால் வந்தது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவளுக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. நாகர்கோவிலில் ஏர் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கும் ஒரு கூடத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

“மைனி, ஞாயித்துக்கிழம கட அடப்புதானே? ஒரு நாளு வந்து பாருங்க. பிடிக்கலன்னா பொறவு வரண்டாம்.”

போனேன், பிடித்துவிட்டது. நீளமான கூடம். பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித அட்டை, அதன் நடுவே கருப்பு வட்டம். ஒரு தடவைக்கு ஓர் ஈயக் குண்டு. குறி பார்க்கும் அந்த நேரத்தில் கடை, சமையல், மகளின் பரீட்சை எதுவும் நினைவுக்கு வராது. ஆனால் என் குண்டுகள் கருப்பு வட்டத்தை எட்டியே பார்க்கவில்லை. அத்தனையும் அட்டையின் அடிப்பக்கத்தில்.

“டீச்சர், இந்தத் துப்பாக்கியிலதான் ஏதோ கோளாறு,” என்றேன் பயிற்சியாளரிடம். அவர் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, என்னைவிட நன்றாக இளையவர். பிஸ்டலை வாங்கி ஒன்று சுட்டார். கருப்பின் நடுவில் ஓட்டை. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

“அக்கா, இனி ஒங்க நாத்தனார் தயார் பண்ணித் தருவாங்க. குண்டு போட்டும் தருவாங்க, போடாமலும் தருவாங்க. எதுன்னு கேக்கப்படாது. நீங்க சுட்டா மதி, அது போதும்.”

அவள் திரும்பி நின்று ஏதோ செய்து கொடுத்தாள். குறி பார்த்து விசையை இழுத்தேன். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். என் கை மட்டும் யாரோ தட்டிவிட்டதுபோலக் கீழே இறங்கியது.

“பாத்தியளா மைனி! குண்டே இல்ல. அதுக்குப் போய் ஏன் கும்பிடு போடுதிய?”

“சும்மா கெட. இன்னொண்ணு தா.”

மறுபடியும் அதே கும்பிடு. அப்போதுதான் விளங்கியது. சத்தம் வருமுன்பே என் உடம்பு பயந்துகொள்கிறது. மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் வெடி வழிபாட்டுக்கு ஆள் திரியைப் பற்றவைக்குமுன்பே காதைப் பொத்திக் குனிகிறவள் நான்.

“வெடுக்குனு இழுக்காதீங்க அக்கா,” என்றார் ஆசிரியை. “துப்பாக்கி நுனியில இருக்க குறிய மட்டும் தெளிவா பாருங்க, அட்ட மங்கலா தெரியட்டும். வெரல மெல்ல மெல்ல அமுக்கிக்கிட்டே இருங்க. எப்ப வெடிக்கும்னு ஒங்களுக்கே தெரியப்படாது.” கைக்கு உரம் ஏற, வீட்டில் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துப் பழகச் சொன்னார்.

எனக்கு வீட்டில் ஏது நேரம்? கடையிலேயே பழகினேன். ஒரு மத்தியானம் கையை வாசல் பக்கம் நீட்டி, பாட்டில் மூடியைக் குறியாக வைத்து நின்றுகொண்டிருந்தேன். வெயிலில் வந்த ஒரு பெரியவர் நேராகப் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து அண்ணாந்து குடித்துவிட்டு, “நல்லாயிருக்கணும் மக்களே,” என்று போயே போய்விட்டார். அவருக்குக் கடையில் வாங்க ஒன்றும் வேண்டியிருக்கவில்லை போல.

சில வாரங்கள் கழித்து என் முறை வந்தது. நாத்தனாருக்கு நான் குண்டு போடாமல் கொடுத்தேன். அவள் கை என் கையைவிட ஆழமாகக் குனிந்தது. “ஏட்டி, நீ சாஷ்டாங்கமா விழுதியே!” என்றேன். அவள் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசிரியை இருவரையும் வெளியே போய்ச் சிரித்து முடித்துவிட்டு வரச் சொன்னார்.

வந்து நின்றபோது மனசு லேசாக இருந்தது. நுனிக் குறியைப் பார்த்தேன். விரலை அமுக்கினேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ‘டப்’ என்றதும் நானே திடுக்கிட்டேன். நடுவில் இல்லைதான், ஆனால் கருப்புக்குள் சுத்தமாக ஓர் ஓட்டை.

“கொள்ளாமே மைனி, நல்லா சுடுதியளே!” என்று அவள் என் முதுகில் ஓர் அடி கொடுத்தாள்.

அந்த அட்டையைக் கடையில் பித்தான் வரிசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். போன வாரம் ஜிப்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மா அதைப் பார்த்து, “இது என்னதாக்கும்?” என்று கேட்டார்.

“நான் துப்பாக்கியில சுட்டது.”

அவர் என்னையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் பேரம் பேசவில்லை.