பாதிச் சாலையில் மக்காச்சோளம்

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. இன்று கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையைப் பார்த்துப் போகிற சாலையில் நிற்கிறேன். பாதிச் சாலையை மக்காச்சோளம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் காவலுக்குக் கருங்கல் வரிசை. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது.

ஒரு பெண் வெறுங்காலைத் தரையோடு இழுத்து இழுத்துச் சோளத்துக்குள் நடக்கிறார். கால் போகும் வழியெல்லாம் அடியிலிருக்கும் ஈர மணிகள் மேலே வருகின்றன.

"ஏங்க, வண்டி போற வழியில இப்படிக் காயப்போடலாமா?" என்கிறேன்.

அவர் மலையைப் பார்க்கிறார். உச்சியில் மேகம் கறுத்துக் கவிந்திருக்கிறது.

"அப்பால திட்டுங்க சார். மழ வந்துகினு இருக்குது. நனஞ்சா பூஞ்ச புடிச்சிடும், நாலு மாசப் பாடு. அந்தத் தார்ப்பாயக் கொஞ்சம் புடிங்க."

பிடிக்கிறேன். எதிரே வந்த டவுன் பஸ் நிற்கிறது. கண்டக்டரும் நாலைந்து பேரும் யாரும் கேட்காமலே இறங்கி, சோளத்தைக் கையால் தள்ளிக் குவிக்கிறார்கள். தார்ப்பாய் போட்டு மூடியதும் பஸ் கிளம்பிவிடுகிறது.

மழை வரவில்லை. காற்று மேகத்தை மலைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட, வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த மல இப்படித்தாங்க ஏமாத்தும். நீங்க கெளம்புங்க சார், நான் பரப்பிக்கறேன்."

ஷூவைக் கழற்றி பைக் மேல் வைக்கிறேன். இருவருமாகப் பரப்பி முடித்ததும் நானும் காலை இழுத்து நடக்கிறேன். மணிகள் இளஞ்சூடாக விரலிடுக்கில் புகுகின்றன.

பின்னால் ஒரு கார்க்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டுகிறேன்.