பூஜைக்குத் துலக்கிய துரு

எங்கள் சாண எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றம் உண்டு. அது கந்தகம். அதை வடிகட்டாமல் விட்டதால் முதல் எஞ்சினில் தண்டைத் தாங்கும் செம்பு வளையமான புஷ் பதினொரு மாதத்தில் அரித்துப்போயிற்று. இப்போது இருப்பது இரண்டாவது எஞ்சின். இதுவும் போனால் நானூற்றுப் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லை. கிணற்றுக்குக் கரண்டு வரவில்லை. மனுவோடு திருச்சுழி மின்வாரிய ஆபீசுக்குப் பதினேழு முறை போயிருக்கிறேன்.

கந்தகத்தைப் பிடிப்பது துரு. அருப்புக்கோட்டை லேத்துப் பட்டறையில் கழிக்கும் இரும்புச் சுருளை வாங்கி, தண்ணீர் தெளித்து, ஒன்பது நாள் துருவேற விடுவேன். கருப்பட்டி நிறம் வந்ததும் டிரம்மில் நிரப்பி, வாயுவை அதன் வழியே எஞ்சினுக்கு அனுப்புவேன். இருபத்து மூன்று நாளில் சுருள் கறுத்துவிடும். மாற்றுவதற்குத் துருவேறிய சுருள் ஒரு சாக்கு தயாராக இருக்கும்.

இந்த முறை இருபத்து மூன்றாம் நாள் ஆயுத பூஜையாக அமைந்தது. நான் மல்லாங்கிணற்றில் மகள் வீட்டில் இருந்தேன். சுருளை மாற்றச் சொல்லி மச்சினனுக்கு மூன்று முறை போன் செய்தேன்.

மறுநாள் காலை வந்தால் டிரம்மில் ஏழு இடத்தில் சந்தனம், குங்குமம். மச்சினன் எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியை மாட்டிக்கொண்டிருந்தான். டிரம் மூடியைத் திறந்தேன். மாற்றிப் போட்டிருந்த புதுச் சுருள் பளபளத்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசியிருந்தான். ஐந்து மணி நேர வேலையாம். கையில் நான்கு கீறல்.

"துருவ எங்க மாப்ள?"

"ஆயுத பூஜையும் அதுவுமா துருப்பிடிச்ச இரும்பையா சாமி முன்னால வைப்பாக? அக்கா வையுமே."

"அந்தத் துருதான்யா கந்தகத்தப் பிடிக்கிறது."

"மூணு தடவ போன் பண்ணுனீகளே அத்தான், அதுல ஒரு தடவ இதச் சொல்லிருக்கலாம்ல?"

சொல்லவில்லைதான்.

கைப்பிடியைக் கழற்றச் சொன்னேன். புதிதாகத் துருவேற ஒன்பது நாள் ஆகும். செடி மூன்று நாள்தான் தாங்கும். பழைய கறுப்புச் சுருளைப் பற்றிக் கேட்டேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினானாம். கொஞ்ச நேரத்தில் அது தானாகச் சூடேறிப் புகைந்ததாம். வைக்கோல் போர் பற்றிக்கொள்ளுமோ என்று பயந்து ஆறு குடம் தண்ணீர் ஊற்றினானாம்.

போய்ப் பார்த்தேன். காற்றும் ஈரமும் பட்டு முக்கால் பங்கு மறுபடி கருப்பட்டி நிறமாகியிருந்தது. இப்படி ஆகும் என்று நான் படித்ததுண்டு. செய்து பார்க்கப் பயந்து இதுவரை ஏழு சாக்கைக் குழியில் புதைத்திருக்கிறேன்.

அதையே நிரப்பினோம். என் மனைவியின் வெள்ளிக் குங்குமச் சிமிழை டிரம்மிலிருந்து வாயு வெளிவரும் குழாய் முனையில் கால் மணி நேரம் பிடித்தேன். கந்தகம் இருந்தால் வெள்ளி கறுக்கும். கறுக்கவில்லை. எஞ்சின் ஓடியது.

தண்ணீர் பாய்ந்ததும் செடிகளை எண்ணினேன். நானூற்றுப் பதினொன்று. ஒன்றை மச்சினன் குடத்தோடு ஓடும்போது மிதித்திருக்கிறான்.