எஸ்தர் சிஸ்டருக்கு ஒரு கொட்டாவி

எஸ்தர் சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது ஹெப்பகோடியில் கம்பெனி கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன். மாரடைப்பாம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் நர்ஸாக இருந்த போதை மீட்பு வார்டில் அவர் கையால் மாத்திரை வாங்கியவர்களுக்கும், வாயால் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

லோடிங்கில் முதுகு பிடித்துக்கொண்டதற்கு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை மூன்று வருடம் தின்றவன் நான். போகப்போக, நேற்று கேட்ட அளவு இன்று போதாது. நிறுத்தினாலோ முதலில் கொட்டாவி வரும், விடாமல் வரும். பிறகு மூக்கு ஒழுகும், உடம்பு சிலிர்க்கும், எலும்புக்குள் குடையும். பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவில் அக்கம்பக்கத்தார் காத்து கருப்பு என்றார்கள். என் மனைவி கலா எலுமிச்சம்பழம்கூடச் சுற்றிப் போட்டாள்.

வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள், நான் ஒரு கோழை என்று அழுதேன். சிஸ்டர் கோலார் தங்கவயல்காரர், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

“மூளைக்கும் வலி மருந்து செய்யத் தெரியும்ணா. நீங்க தினம் ஓட்டல் பார்சல் வாங்கிப் போட்டீங்க, இனி இன்னாத்துக்கு சமைக்கணும்னு அது அடுப்ப அணைச்சிடுச்சி. இப்ப பார்சல் நின்னுபோச்சி, அடுப்பு இன்னும் பத்தல. இதுல பேயும் இல்ல, கோழையும் இல்ல. கொஞ்சம் பொறுங்க, பத்திக்கும்.”

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் பொறுக்கவில்லை. போனில் கலாவிடம் கெஞ்சினேன். நான் சேர்ந்து ஒரு வாரம் ஆனபோது அவள் தயிர்சாத டப்பாவில், சாதத்துக்கு அடியில், பழைய அளவு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். வெளிச்சாப்பாட்டைச் சோதிக்கும் வழக்கப்படி சிஸ்டர் கரண்டியை விட்டதும் பொட்டலம் தட்டுப்பட்டது.

“பார்க்க முடியல சிஸ்டர், ஒரே ஒரு வேளைதான்...” என்றாள் கலா.

சிஸ்டர் கத்தவில்லை. அவளை உட்காரவைத்தார். “ஒரு வாரமா இல்லாம இருந்த உடம்பும்மா. முன்னே தாங்கினத இப்ப தாங்காது. மூச்சே நின்னுடும். நீ பாவம் பார்த்து குடுக்கறது அண்ணாவ கொன்னுடும்.”

கலா தேம்பித் தேம்பி அழுதாள். மாத்திரை குப்பைக்குப் போனது. தயிர்சாதத்தை மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். உப்பு கம்மி என்று சிஸ்டர் குறை வேறு சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, “ஒரு நாள் கொட்டாவி வரும், அது வெறும் தூக்கமா இருக்கும். அன்னிக்கு எனக்கு போன் போடுங்க” என்றார். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று. “சிஸ்டர், கொட்டாவி!” என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்திருக்கும். கலா மட்டும் நம்பவில்லை. நான் கொட்டாவிக்கு வாயைத் திறந்தாலே இத்தனை நாளும் மாத்திரை இருக்கிறதா என்று என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தங்கவயலில் அடக்கம் முடிந்து ரயிலில் திரும்பும்போது எனக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. கலா திரும்பிப் பார்த்தாள். பழக்கத்தில் நானே சட்டைப்பையை விரித்துக் காட்டப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“தூங்கு. பெங்களூர் வந்தா எழுப்பறேன்” என்று தோளைக் கொடுத்தாள்.

எஸ்தர் சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அந்தத் தூக்கம்தான். போன் போட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.