ஏழு கப்பும் என் சுருதித் திருத்தமும்

பாடத் தெரியாதவர் உள்ளே வந்து, பாடத் தெரிந்தவராக வெளியே போகும் இடத்துக்குப் பெயர்தான் ரெக்கார்டிங் ஸ்டூடியோ. நடுவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அவர்கள் சுருதியை ஏற்றி இறக்கிக் கண் எரிய வேண்டியது நம் தலையெழுத்து. இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, விருத்தாசலத்தில் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

கீபோர்டு வாணாம்

பீங்கான் பட்டறை நடத்தும் தனம் அக்கா ஒரு நாள் காலையில் கூடையோடு வந்தார். உள்ளே வைக்கோல் சுற்றிய ஏழு கப், சின்னதும் பெரியதுமாக. துபாயில் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் ஊருக்கு வந்திருக்கிறாராம். அவருக்குக் காட்ட ஒரு நிமிஷ வீடியோ வேண்டும். அவர் ஆர்டர் கொடுத்தால் பட்டறையில் இருக்கும் ஆறு பெண்களுக்கும் மழைக்காலம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

கீபோர்டில் நல்ல மெட்டாகப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வாணாம் தம்பி. எங்க கப்பு சத்தத்துலயே பாட்டு வரட்டும்."

கப்புக்கும் திருத்தம்

ஒவ்வொரு கப்பையும் கரண்டியால் தட்டிப் பதிவு செய்து, மிடி கீபோர்டில் கட்டைக்கு ஒன்றாக ஏற்றினேன். கட்டையை அழுத்தினால் கப் ஒலிக்கும். ஆனால் ஒன்றுகூடச் சுருதியில் நிற்கவில்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் இழுத்து நேராக்கினேன்.

ஆறாவது கப் மட்டும் 'டொக்'கென்றது. அதில் என்ன சுருதி என்று சாஃப்ட்வேருக்கே பிடிபடவில்லை. ஐந்தாவது கப்பின் சத்தத்தை நகலெடுத்து, கொஞ்சம் ஏற்றி, அந்த இடத்தில் வைத்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் இருந்த கீபோர்டு வாசிப்பாளர் ஸ்டீபன் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாடுறவங்களத் திருத்துறீங்க, சரிண்ணே. கப்பு என்னா பாவம் பண்ணுச்சு?"

ஆறாவது கப்

மறுநாள் தனம் அக்கா வந்து பாட்டைப் போட்டுக் கேட்டார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அஞ்சாவது கப்பு ரெண்டு தடவ அடிக்குதே, ஆறாவது எங்க?" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அவர் கூடையிலிருந்து ஆறாவதை எடுத்து விரலால் சுண்டினார். டொக். வெளிச்சத்தில் பிடித்தபோது, கைப்பிடிக்குக் கீழே முடி மாதிரி ஒரு விரிசல்.

என் முகம் போன போக்கை ஸ்டீபன் ரசித்துப் பார்த்தார். அக்கா கோபப்படவில்லை. பட்டறைக்குப் போய், அந்தக் கப்போடு ஒரே சூளையில் வெந்ததையெல்லாம் தட்டிப் பார்த்து, இன்னும் ஒன்பதை ஒதுக்கிவிட்டுப் புது ஆறாவதோடு திரும்பி வந்தார்.

"விரிசல் கப்புக்கு நல்ல சத்தம் குடுத்துட்டீங்களே தம்பி. சூடா டீ ஊத்துனா யாரு மடியில கொட்டும்?"

பாய் வந்தார்

புது ஆறாவதையும் தட்டிப் பதிவு செய்து, திருத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். மெட்டு அங்கங்கே கோணிக்கொண்டு போனது. பாய் பட்டறைக்கு வந்த அன்று ஆறு பெண்களும் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். ஜமால் பாய் போனில் வீடியோவை ஓடவிட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்தி, மேசையில் இருந்த அதே கப்பைச் சுண்டிப் பார்த்தார். ஏழு கப்பையும்.

"போன்ல கேட்டதும் கையில கேட்டதும் ஒண்ணாத்தான் இருக்குது. அனுப்பி வைங்கம்மா."

பாடகர்களுக்கு இன்றும் தாராளமாகச் சுருதி திருத்திக் கொடுக்கிறேன். அவர்களை யாரும் சுண்டிப் பார்த்து வாங்குவதில்லை.