மைக் அண்ணியின் குரலுக்கு இரட்டை அம்பு

மைக் அண்ணியை முகம் பார்த்து அறிந்தவர்கள் அந்தப் பேருந்து நிலையத்தில் கொஞ்சம் பேர்தான். குரல் கேட்டு அறியாதவர்கள் யாரும் இல்லை. "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், மூட்டை முடிச்சோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டிகூட வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பார்கள். எந்தப் பேருந்து, எந்த ஊருக்கு, எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவள் சொல்லி முடித்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தப் பேருக்கு அவள் உழைத்திருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே எந்த ஓட்டுநர் வந்து, "அக்கா, வண்டி அந்தப் பக்கம் மாத்தி நிறுத்தியிருக்கேன், சொல்லிடுங்க" என்று கத்தினாலும் அவள் மைக்கைத் தொடமாட்டாள். நேரக் காப்பாளர் துண்டுச் சீட்டில் எழுதி, ஜன்னல் ஓட்டை வழியாக நீட்டவேண்டும். சீட்டு வந்தால்தான் சொல்.

"என்னக்கா, கண்ணெதிரே வண்டி நிக்குது, என்னை நம்பமாட்டீங்களா?"

"உன்னை நம்புறேன் ராசா. உன் வண்டியைத்தான் நம்பமாட்டேன். அது நிக்கும், ஓடும்."

ஓட்டுநராக இருந்த புருஷன் இறந்த பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை அது. புருஷன் வீட்டில் மூன்று பெண், இரண்டு ஆண். மூத்தவர் இவளுடைய வீட்டுக்காரர். கடைக்குட்டி, இவளுக்குக் கொழுந்தன். அவள் அந்த வீட்டுக்குள் மணப்பெண்ணாகக் கால் வைத்த அன்று அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டதே இவள்தான். அன்றிலிருந்து அவன் நிழலாக ஒட்டிக்கொண்டான். பின்னால் அவன் மார்க்கெட்டில் முட்டைக்கடை போட்டபோது முதல் தட்டு முட்டையைக் கையில் வாங்கியதும் இவள்தான். மூன்று நாத்தனார் வீடுகள், அவர்களுடைய சம்பந்தி வீடுகள், பேரன் பேத்தி எடுத்த வீடுகள் எல்லாம் அவனிடம்தான் முட்டை வாங்கின.

அத்தனை பேரும் 'நம்ம சொந்தம்' என்று கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்தாலும், பெண் பார்த்தாலும், யாராவது கண்ணை மூடினாலும் அதில் மைக் அண்ணியின் குரல்தான் முதலில் வரும். மற்றவர்கள் எழுதுவார்கள். இவள் பேசுவாள். எழுத்து அவளுக்கு அவ்வளவாக ஓடாது.

ஒரு மத்தியானம், வண்டிகள் ஓய்ந்த நேரத்தில், அந்தக் காணொளி வந்தது. யாரோ ஒருவன் முட்டையை உடைத்து, உள்ளே இருந்த மெல்லிய தோலை உரித்து இழுத்துக் காட்டினான். "பிளாஸ்டிக்! பிளாஸ்டிக்!" என்று கத்தினான். தோலைக் கொளுத்திப் புகையையும் காட்டினான். காலையில்தான் பேத்திக்கு முட்டை அவித்துக் கொடுத்திருந்தாள்.

காணொளியின் தலையில் இரண்டு அம்புகள் இருந்தன. 'பலமுறை பகிரப்பட்டது' என்று எழுதியிருந்தது. அந்த அம்பைப் பற்றி மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"ரெட்டை அம்பு இருந்தா அது யார் யார் கையோ மாறி வந்ததும்மா. அப்படியே தள்ளிவிடாதே. இந்த நம்பருக்கு அனுப்பிக் கேளு, நிஜமா பொய்யான்னு பாத்துச் சொல்லுவாங்க" என்று ஒரு எண்ணையும் பதிந்து வைத்திருந்தாள்.

"ஏன்டி, ஊருக்கே சேதி சொல்றவ நான். எனக்கே பாடமா?" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

இப்போது எல்லாக் குழுக்களுக்கும் ஒரே தட்டில் அனுப்பப் பார்த்தாள். செயலி விடவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்றது. அவளுக்குச் சுருக்கென்று வந்தது. பச்சைப் பிள்ளைகள் தின்கிற பொருள், இந்த நேரத்தில் இவன் யார் என்னைத் தடுக்க? காணொளியை விட்டுவிட்டு, 'நம்ம சொந்தம்' குழுவைத் திறந்து குரல் பதிவை அழுத்தினாள்.

"சொந்தங்களின் கவனத்திற்கு. பிளாஸ்டிக் முட்டை வந்திருக்கு. பிள்ளைகளுக்குக் கொடுத்துடாதீங்க. நம்ம மார்க்கெட் பக்கமும் இறங்கியிருக்கு."

கடைசி வாக்கியம் அந்தக் காணொளியில் இல்லை. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. வண்டியைச் சொன்னால் அது நிற்கிற இடத்தையும் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் அறிவிப்பு முடிந்த மாதிரி இருக்காது. வருஷக்கணக்காகப் பழகிய நாக்கு; அதுவாக ஒரு இடத்தைப் போட்டு முடித்துவிட்டது. அனுப்பிய குரலில் அம்பு எதுவும் இல்லை. புத்தம் புதுசாக, அவளுடைய சொந்தக் குரலாகப் போனது.

அடுத்த வாரம் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சீட்டு நீட்டுகிற ஓட்டையில் வாயை வைத்துப் பேசினாள்.

"தட்டுத் தட்டா அப்படியே கிடக்குக்கா. வாங்க வந்தவங்க வாசல்லயே நின்னு போன்ல ஒரு பதிவைப் போட்டுக் கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க. போன்ல யார் குரல்னு நினைக்கிறீங்க?"

மைக் அண்ணி கதவைத் திறக்க எழுந்தாள். ஓரகத்தி கை காட்டி நிறுத்தினாள்.

"பஸ்ஸு நிக்கிற இடத்தை மட்டும் சொல்லுங்கக்கா. முட்டை நிக்கிற இடத்தை நாங்க சொல்லிக்கிறோம்."

போய்விட்டாள். ஒரு வண்டிக்கான சீட்டு ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் படிக்க அவளுக்குக் கண் தெளியச் சற்று நேரமானது. அறிவித்து முடித்ததும் கைபேசியை எடுத்து, மகள் பதிந்து வைத்திருந்த எண்ணுக்கு அந்தக் காணொளியை அனுப்பினாள். பதில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓட்டுக்குள் எல்லா முட்டைக்கும் அந்தத் தோல் உண்டு, காய்ந்தால் பிளாஸ்டிக் தாள் மாதிரி உரியும், கொளுத்தினால் முடி கருகுகிற நாற்றம் வரும், காணொளி பழையது, செய்தி பொய் என்று இருந்தது. அந்தத் தோலை அவளே ஆயிரம் தடவை உரித்திருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. கண்ணெதிரே நிற்கிற வண்டிக்குச் சீட்டுக் கேட்டவள், பேத்தி தின்ற முட்டைக்கு ஒரு சீட்டுக் கேட்கவில்லையே.

வேலை முடிந்து நேரே மார்க்கெட்டுக்குப் போனாள். கொழுந்தன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கண்ணி. சாப்பிட்டீங்களா?"

"என்னைத் திட்டுப்பா. நாலு வார்த்தை திட்டிடு."

அவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னான். "திட்ட எங்கண்ணி தோணுச்சு? நீங்க சொன்னதைக் கேட்டதும், அண்ணி சும்மா சொல்லமாட்டாங்களேன்னு உள்ள போய் என் முட்டையை நானே நாலு உடைச்சுப் பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்கமுடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து 'நம்ம சொந்தம்' குழுவில், தான் சொன்னது பொய், விசாரிக்காமல் சொல்லிவிட்டேன் என்று பேசி அனுப்பினாள். நாத்தனார்மார் மூன்று பேரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். பெரிய நாத்தனார் மட்டும், "இதையாவது விசாரிச்சியா?" என்று கேட்டாள்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தபோது நேரக் காப்பாளர் ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தன் கைபேசியை நீட்டினார்.

"இது உங்க குரல் மாதிரியே இருக்கேம்மா? என் மச்சினி ஊர்லேருந்து அனுப்பியிருக்கா. அவங்க ஊர் மார்க்கெட்லயும் யாரும் முட்டை வாங்குறதில்லையாம்."

"நம்ம மார்க்கெட் பக்கமும் இறங்கியிருக்கு" என்று அவளுடைய குரல் சொல்லியது. கேட்கிற எல்லா ஊருக்கும் அது 'நம்ம மார்க்கெட்' ஆகிவிட்டது. குரலின் தலையில் இரண்டு அம்புகள் இருந்தன.

அவள் அந்தப் பதிவை அவரிடம் கேட்டு வாங்கி, தன் குரலைத் தானே அந்தச் சரிபார்க்கிற எண்ணுக்கு அனுப்பினாள். தன் மேல் தானே பிராது கொடுக்கிற மாதிரி இருந்தது. அவர்கள் விசாரித்து, மறுப்பு ஒன்றைப் படமாகப் போட்டார்கள். 'முட்டை குறித்து ஒரு பெண்ணின் குரலில் பரவும் பதிவு பொய்யானது' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

ஒரு பெண். பேர் இல்லை, ஊர் இல்லை. அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அந்தப் படத்தைத் தனக்கு இருந்த குழு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்பினாள். பேருந்து நிலையத்து ஊழியர் குழு, தெருக் குழு, பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துக் குழு. ஒவ்வொன்றுக்கும் கீழே, "அந்தப் பெண் நான்தான்" என்று பேசிவைத்தாள். நேரக் காப்பாளரிடம் அவருடைய மச்சினிக்கும் அனுப்பச் சொன்னாள். பேத்தி பள்ளிக்கூடத்துக் குழுவில் யாரோ சிரிக்கிற முகம் போட்டார்கள். போகட்டும் என்று விட்டாள்.

கடைக்கு ஆட்கள் மெல்லத் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. ஓரகத்தி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும்.

ஒரு நாள் சாயங்காலம் மைக் அண்ணி முட்டை வாங்கப் போனாள். முன்னால் நின்ற ஆளுக்குக் கொழுந்தன் ஒரு முட்டையைக் கண்ணாடித் தம்ளரில் உடைத்து ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். அந்த ஆள் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்தது இவள் முறை. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை பழக்கத்தில் இன்னொரு முட்டையை எடுத்து, தம்ளர் விளிம்பில் தட்டி, உடைத்து, உயர்த்திப் பிடித்தான்.

"பாத்துக்குங்க" என்றவன் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். "ஐயோ, அண்ணி…"

தம்ளரை அவசரமாகக் கீழே இறக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். மஞ்சள் கரு உருண்டையாக, உடையாமல் நின்றதை வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தாள்.

"பாத்துட்டேம்ப்பா" என்றாள்.