உடையாத பல்

கடக்கென்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயிலிருந்த மொறுமொறு வர்க்கி ரொட்டியைக் கையில் துப்பிப் பார்த்தால், துகளோடு துகளாக ஒரு வெள்ளைச் சில்லு.

"ஐயோ, போச்சுங்க! என்ற பீங்கான் பல்லு போச்சு!"

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, வர்க்கிய நனைச்சுத் தின்னா உன்ற மானம் போயிருமா?" என்றார். ஆறுதல் சொல்லும் லட்சணத்தைப் பாருங்கள்!

ஊரே வர்க்கியை டீயில் நனைத்துத்தான் தின்னும். எனக்கு அந்தக் கொழகொழப்பு ஆகாது. சில வருடங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடப் போனபோதுகூட, "எது உடையவே உடையாதோ அதைப் போடுங்க" என்றுதான் கேட்டேன். சிர்கோனியா என்ற பீங்கான்தான் இருப்பதிலேயே கெட்டி என்று சொல்லிப் போட்டுவிட்டார் டாக்டரம்மா. அன்றிலிருந்து எலும்பு, வறுகடலை, வர்க்கி எல்லாம் அந்தப் பக்கம்தான். நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. ஐம்பது வயதுக்குள் பொக்கை வாயான அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு ஒரு பல்கூடப் போகக் கூடாது என்று வைராக்கியம்.

எங்கள் ஊர் ஜெகதளாவிலிருந்து குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மூடுபனியில் பஸ் வேறு ஊர்ந்தது.

டாக்டரம்மா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். "அக்கா, கேப்புக்கு ஒண்ணும் ஆகலீங்க. கல்லாட்டம் இருக்குது."

"அப்ப இந்தச் சில்லு?"

"அது உங்க சொந்தப் பல்லுங்க. கேப்புக்கு நேர் மேல இருக்கறது. வேர் வரைக்கும் பொளந்துருச்சு. எடுத்துத்தான் ஆகோணும்."

சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"பீங்கான்ல பாலிஷ் போயிச் சொரசொரன்னு ஆயிருக்குதுங்க. அதுதான் மேல் பல்லைத் தேச்சுத் தேச்சு மெலிய வெச்சிருச்சு. வருசத்துக்கு ஒருக்கா வந்திருந்தா பாலிஷ் போட்டு உட்டிருப்பேனே! ஏனுங்க்கா வரல?"

உடையாத பல்லைக் காட்டுவானேன் என்று இருந்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. என்னோடு வளர்ந்த பல்லை அது தின்றுவிட்டது. நம்பவே முடியவில்லை. கண்ணாடியை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஊசி போட்டுப் பிடுங்கித் தட்டில் வைத்தார். என் பல், இரண்டு துண்டாக.

"புண்ணு ஆறட்டும். அந்த எடத்துக்கும் ஒண்ணு வெச்சுக்கலாம். இதே மாதிரி கெட்டியாவே போட்டறலாங்களா?"

வாயில் கடித்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "வேண்டாங்க. உடையறதாப் பார்த்து ஒண்ணு போடுங்க."